ஒரு சிலையை 10 நிமிடம் பார்க்க முடியுமா? மியூசியத்தில் 'மெதுவாகப் பார்ப்பது' எப்படி, ஏன்? - முழு விளக்கம்

லீவு நாளில் குடும்பத்தோடு மியூசியம் போகிறோம். டிக்கெட் எடுக்கிறோம், உள்ளே நுழைகிறோம், வரிசையாக நடக்கிறோம். நல்லா இருக்கிற சிலை முன்னாடி நின்று ஒரு போட்டோ, அடுத்த சிலைக்கு ஒரு போட்டோ. ஒரு மணி நேரத்தில் மொத்த கட்டடத்தையும் சுற்றி முடித்து வெளியே வந்து ஜூஸ் குடிக்கிறோம். "என்னப்பா பார்த்தே?" என்று யாராவது கேட்டால் "நிறைய சிலை இருந்துச்சு" என்பதைத் தாண்டி சொல்ல எதுவும் இருப்பதில்லை.

இது நம்ம ஊர் பழக்கம் மட்டும் இல்லை, உலகம் முழுக்க இப்படித்தான். இதற்கு மாற்றாக 'ஸ்லோ லுக்கிங்', அதாவது மெதுவாகப் பார்த்தல் என்ற முறையைப் பல நாட்டு அருங்காட்சியகங்கள் இப்போது சொல்லித் தருகின்றன. அது என்ன? அதனால் என்ன லாபம்? சென்னை எழும்பூர் மியூசியத்தில் அதை எப்படி முயற்சி செய்து பார்க்கலாம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒரு ஓவியத்தை நாம் எவ்வளவு நேரம் பார்க்கிறோம்?

நியூயார்க்கில் உள்ள மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஜெஃப்ரி ஸ்மித், லிசா ஸ்மித் என்ற இரு ஆய்வாளர்கள் இதைக் கணக்கெடுத்தார்கள். பார்வையாளர்கள் ஒரு கலைப்படைப்பின் முன் சராசரியாக 27.2 விநாடி நிற்கிறார்கள் என்று 2001-ல் வெளியான அந்த ஆய்வு சொன்னது. அதிலும் பாதிப் பேர் 17 விநாடிகூட நிற்கவில்லை. இத்தனைக்கும் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவை உலகப் புகழ்பெற்ற படைப்புகள்.

அதன்பிறகு ஸ்மார்ட்போன் வந்தது. இதே ஆய்வை சிகாகோ கலைக் கூடத்தில் மறுபடி செய்து 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். சராசரி 28.63 விநாடி. நேரம் பெரிதாக மாறவில்லை. ஆனால் அந்த நேரத்தில் என்ன செய்கிறோம் என்பது மாறியிருந்தது. படைப்புக்கு முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுப்பவர்கள் நிறைய இருந்தார்கள்.

28 விநாடி என்றால் ஒரு ரீல்ஸ் ஓடுகிற நேரம். ஒரு ஸ்தபதி மாதக் கணக்கில் உட்கார்ந்து செய்த சிலைக்கு நாம் கொடுப்பதும் அதே நேரம்தான்.

போட்டோ எடுத்தால் நல்லா ஞாபகம் இருக்கும்தானே?

இல்லை என்கிறது ஒரு ஆய்வு. அமெரிக்காவின் ஃபேர்ஃபீல்டு பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் லிண்டா ஹென்கெல், மாணவர்களை ஒரு மியூசியத்துக்கு அழைத்துப் போனார். சில பொருட்களை வெறுமனே பார்க்கச் சொன்னார், சிலவற்றை போட்டோ எடுக்கச் சொன்னார். மறுநாள் நினைவைச் சோதித்தபோது, போட்டோ எடுத்த பொருட்களைவிட வெறும் கண்ணால் பார்த்த பொருட்களும் அவற்றின் நுணுக்கங்களும்தான் அதிகம் ஞாபகம் இருந்தன. 'கேமரா பார்த்துக்கொள்ளும்' என்று மூளை தன் வேலையை கேமராவிடம் ஒப்படைத்துவிடுகிறது.

இதில் ஒரு சுவாரஸ்யமான விதிவிலக்கும் உண்டு. பொருளின் ஒரு பகுதியை மட்டும் 'ஜூம்' செய்து எடுத்தவர்களுக்கு நினைவு குறையவில்லை. காரணம், எதை ஜூம் செய்வது என்று முடிவு செய்ய முதலில் உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதனால் போட்டோவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. முதலில் கண், அப்புறம் கேமரா. அவ்வளவுதான்.

மியூசியம் போனால் ஏன் இவ்வளவு களைப்பாகிறது?

இதற்கு 'மியூசியம் களைப்பு' என்றே பெயர் இருக்கிறது. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916-லேயே இதைப் பற்றி கட்டுரை எழுதிவிட்டார். பொருட்களைப் பார்க்க ஒருவர் எப்படியெல்லாம் குனிய வேண்டியிருக்கிறது, எக்க வேண்டியிருக்கிறது என்பதைப் புகைப்படங்களோடு காட்டினார்.

கால்வலி ஒரு பக்கம். ஒவ்வொரு பொருளுக்கும் கண்ணையும் கவனத்தையும் மாற்றி மாற்றி வைப்பது இன்னொரு பக்கம். நூறு பொருட்களை ஒரு மணி நேரத்தில் பார்த்தால் நூறு முறை மனம் தாவ வேண்டும். அதனால்தான் கடைசி ஹாலில் என்ன இருந்தது என்றே தெரிவதில்லை. மூன்று பொருட்களை மட்டும் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தால் இந்தக் களைப்பு கணிசமாகக் குறையும்.

'ஸ்லோ ஆர்ட் டே' என்றால் என்ன?

அமெரிக்காவைச் சேர்ந்த ஃபில் டெர்ரி தொடங்கிய முயற்சி இது. 2010 முதல் ஆண்டுதோறும், பெரும்பாலும் ஏப்ரல் மாதத்தில், பல நாட்டு அருங்காட்சியகங்களில் நடக்கிறது. விதி ரொம்ப எளிது. ஐந்து படைப்புகள், ஒவ்வொன்றுக்கும் சுமார் 10 நிமிடம். முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டே பார்த்ததைப் பற்றிப் பேசுவார்கள். நிபுணர் யாரும் வந்து பாடம் எடுக்க மாட்டார். பார்ப்பவருக்குக் கலை பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை.

இதைவிடக் கடினமான பயிற்சியும் உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கலை வரலாற்றுப் பேராசிரியர் ஜெனிஃபர் ராபர்ட்ஸ், தன் மாணவர்களை ஒரே ஓவியத்தின் முன் 3 மணி நேரம் உட்காரச் சொல்வார். தானும் அதைச் செய்து பார்த்திருக்கிறார். ஜான் சிங்கிள்டன் காப்ளி 1765-ல் வரைந்த, அணிலோடு இருக்கும் சிறுவனின் ஓவியம் அது. சிறுவனின் காது மடலின் வடிவமும் அணிலின் வயிற்று ரோமத்தின் வளைவும் ஒன்றுபோல இருப்பதைக் கவனிக்கவே தனக்கு 9 நிமிடம் ஆனது என்று எழுதியிருக்கிறார். 21-வது நிமிடத்தில் இன்னொன்று, 45-வது நிமிடத்தில் வேறொன்று. ஓவியம் முதல் நொடியிலேயே முழுசாகத்தான் கண்ணில் பட்டது. ஆனால் அதில் இருப்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்தது.

இதனால் நடைமுறையில் என்ன பயன்?

மூன்று விஷயங்களைச் சொல்லலாம்.

முதலாவது, மருத்துவம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் தோல் மருத்துவப் பேராசிரியர் இர்வின் பிரேவர்மன், மருத்துவ மாணவர்களை ஓவியக் கூடத்துக்கு அழைத்துப் போகத் தொடங்கினார். ஓவியத்தில் என்ன தெரிகிறது என்பதை மட்டும் சொல்ல வேண்டும், முடிவுக்குத் தாவக் கூடாது. இந்தப் பயிற்சி எடுத்தவர்கள், நோயாளிகளின் புகைப்படங்களில் உள்ள நுணுக்கமான அறிகுறிகளை மற்ற மாணவர்களைவிடக் கூடுதலாகக் கவனித்தார்கள் என்ற முடிவு 2001-ல் மருத்துவ இதழில் வெளியானது.

இரண்டாவது, குழந்தைகளின் படிப்பு. ஹார்வர்டின் 'ப்ராஜெக்ட் ஜீரோ' என்ற கல்வி ஆய்வுக் குழு மூன்று கேள்விகளை வைத்து ஒரு எளிய முறையை உருவாக்கியது. 'என்ன தெரிகிறது? என்ன தோன்றுகிறது? என்ன கேட்கத் தோன்றுகிறது?' பல நாடுகளில் பள்ளிகள் இதைப் பயன்படுத்துகின்றன. விடை சொல்லும் பையன் மட்டும் இல்லை, கேள்வி கேட்கும் பையனும் இங்கே பாராட்டு வாங்குவான்.

மூன்றாவது நமக்கு ரொம்ப நெருக்கமான விஷயம், சிலைக் கடத்தல்.

சிலைத் திருட்டுக்கும் உற்றுப் பார்ப்பதற்கும் என்ன சம்பந்தம்?

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் இருந்து திருடப்பட்ட நடராஜர் சிலையை, கலைப்பொருள் வியாபாரி சுபாஷ் கபூரிடமிருந்து ஆஸ்திரேலிய தேசியக் கலைக் கூடம் 2008-ல் வாங்கியது. விலை சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர். விருத்தாசலம் கோயிலைச் சேர்ந்த அர்த்தநாரீஸ்வரர் கற்சிலை ஒன்றும் சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக் கூடத்துக்குப் போயிருந்தது.

இவை நம்முடையவை என்று நிரூபிக்க உதவியதில் முக்கியமானவை, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே தமிழகக் கோயில்களில் எடுத்து வைத்திருந்த கருப்பு வெள்ளைப் புகைப்படங்கள். அவற்றையும் வெளிநாட்டுக் கண்காட்சியில் இருந்த சிலைகளின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். 2014 செப்டம்பரில் டெல்லி வந்த அப்போதைய ஆஸ்திரேலிய பிரதமர் டோனி அபாட், இரண்டு சிலைகளையும் பிரதமர் மோடியிடம் ஒப்படைத்தார்.

இங்கே ஒரு கேள்வி வரும். நடராஜர் சிலை எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கும், எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

ஒரே மாதிரி இருக்காது. சோழர் கால வெண்கலச் சிலைகள் மெழுகு வார்ப்பு முறையில் செய்யப்பட்டவை. முதலில் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து சிலையை அப்படியே மெழுகில் செய்வார்கள். அதன்மேல் வண்டல் மண் பூசிக் காயவைப்பார்கள். பிறகு சூடாக்கினால் மெழுகு உருகி வெளியே வந்துவிடும். உள்ளே ஏற்படும் வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் மண் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். மெழுகு உருவமும் போச்சு, அச்சும் போச்சு. ஆகவே ஒவ்வொரு சிலையும் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். சுவாமிமலையில் இன்றைக்கும் ஸ்தபதிகள் இதே முறையில் சிலை செய்கிறார்கள்.

ஒரு விரலின் வளைவு, ஒரு நகையின் இடைவெளி, பீடத்தில் உள்ள ஒரு தேய்மானம் என எல்லாமே அந்தச் சிலையின் கைரேகை மாதிரி. உற்றுப் பார்க்கிறவர்களுக்குத்தான் அந்தக் கைரேகை தெரியும்.

சரி, எழும்பூரில் எதைப் பார்க்கலாம்?

சென்னை எழும்பூர் பாந்தியன் சாலையில் உள்ள அரசு அருங்காட்சியகம் 1851-ல் தொடங்கப்பட்டது. இந்தியாவின் மிகப் பழமையான அருங்காட்சியகங்களில் ஒன்று. இங்குள்ள வெண்கலச் சிலைகளின் தொகுப்பு உலகப் புகழ்பெற்றது. மண்ணுக்கு அடியில் புதைந்திருந்து, வீடு கட்டவோ உழவோ தோண்டும்போது கிடைத்து, 1878-ம் ஆண்டின் புதையல் சட்டப்படி அரசுக்கு வந்து சேர்ந்த சிலைகள் இதில் நிறைய உண்டு.

முதல் முறை முயற்சி செய்பவர்களுக்கு நல்ல தேர்வு, திருவாலங்காடு நடராஜர். இந்தச் சிலைக்கு ஒரு கதை இருக்கிறது. பிரான்ஸின் புகழ்பெற்ற சிற்பி ஆகஸ்ட் ரோடன், 'சிந்தனையாளர்' சிலையைச் செய்தவர், இதைப் பற்றி 1913-ல் வியந்து எழுதினார். அவர் சென்னைக்கு வந்ததே இல்லை. நேரில் பார்க்கவும் இல்லை. விக்டர் கொலுபியூ என்ற கலை ஆர்வலர் மூலம் கிடைத்த புகைப்படங்களைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தார். முன்னால் இருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகம் மட்டும் ஒன்று என ஒவ்வொரு கோணத்துக்கும் தனித்தனியாகக் குறிப்பு எழுதினார். ரோடன் இறந்த பிறகு, 1921-ல் அது புத்தகமாக வந்தது.

போட்டோவை வைத்தே அவ்வளவு பார்க்க முடிந்தது. நமக்கு அசல் சிலை எழும்பூர் ஸ்டேஷனில் இருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது.

10 நிமிடத்தில் நடராஜரைப் பார்ப்பது எப்படி?

முதல் நிமிடம்: பெயர்ப் பலகையைப் படிக்காதீர்கள். போனை பையில் வையுங்கள். நான்கைந்து அடி தள்ளி நின்று மொத்த உருவத்தையும் பாருங்கள்.

2, 3-வது நிமிடம்: சிலையின் ஓரக்கோட்டைக் கண்ணாலேயே வரைந்துகொண்டு போங்கள். தலையில் தொடங்கி, தோள், கை, இடுப்பு, கால் வரை. கைகளுக்கு இடையில் உள்ள காலி இடத்தையும் பாருங்கள். அதுவும் சிற்பி யோசித்து விட்ட இடம்தான். முழு எடையும் எந்தக் காலில் இருக்கிறது? அந்தக் கால் நேராக இருக்கிறதா, மடங்கி இருக்கிறதா?

4, 5-வது நிமிடம்: நான்கு கைகள். பின் வலக்கையில் உடுக்கை, பின் இடக்கையில் தீ. முன் வலக்கை 'பயப்படாதே' என்கிறது. முன் இடக்கை உடலுக்குக் குறுக்கே வந்து தூக்கிய காலைக் காட்டுகிறது. ஒரு கையில் ஓசை, ஒரு கையில் நெருப்பு, ஒரு கையில் அபயம். இவை எப்படி ஒரே உடம்பில் சண்டை போடாமல் இருக்கின்றன என்று பாருங்கள்.

6-வது நிமிடம்: முகத்துக்கு வாருங்கள். உடம்பு முழுக்க ஆட்டம். முகம் எப்படி இருக்கிறது? மூச்சு வாங்குகிறதா? இதற்கு விடையை நாங்கள் சொல்லப்போவதில்லை.

7-வது நிமிடம்: பக்கவாட்டுக்கு நகருங்கள், முடிந்தால் பின்பக்கமும் போங்கள். கோயிலில் நமக்குக் கிடைக்காத வாய்ப்பு இது. முதுகையும் இடுப்பையும் சிற்பி எவ்வளவு அக்கறையாகச் செய்திருக்கிறார் என்பது அங்கே தெரியும்.

8-வது நிமிடம்: கீழே பாருங்கள். காலடியில் முயலகன். அவன் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது?

9-வது நிமிடம்: என்ன இல்லை என்று தேடுங்கள். காலண்டரில் பார்க்கும் நடராஜரைச் சுற்றி நெருப்பு வளையம், அதாவது திருவாசி இருக்கும். இருபக்கமும் விரிந்த சடை பறக்கும். இந்தச் சிலையில் இரண்டும் இல்லை. அது குறையாகத் தெரிகிறதா? அல்லது உடம்பின் அசைவு இன்னும் தெளிவாகத் தெரிகிறதா?

10-வது நிமிடம்: இப்போது பலகையைப் படியுங்கள். வேண்டுமானால் ஒரே ஒரு போட்டோ எடுங்கள். உங்களுக்குப் பிடித்த பகுதியை மட்டும்.

இல்லாததைப் பார்ப்பது இன்னொரு உதாரணம்

தஞ்சாவூர் போகிறவர்கள் அரண்மனை வளாகத்தில் உள்ள கலைக்கூடத்தில் திருவெண்காடு ரிஷபவாகன தேவரைப் பார்க்கலாம். 1011-ம் ஆண்டைச் சேர்ந்த சிலை. சிவன் ஒயிலாகச் சாய்ந்து நிற்கிறார், ஒரு கை காற்றில் மிதக்கிறது. அந்தக் கை ஊன்றியிருந்தது ஒரு காளையின் மேல். அந்தக் காளை இப்போது இல்லை. 28 விநாடியில் கடந்துபோகிறவருக்கு அழகான சிலை. நின்று பார்க்கிறவருக்கு, அந்தக் கையின் வளைவை வைத்தே காளையின் உயரம்கூடத் தோன்றிவிடும்.

எழும்பூரிலும் இதேபோல ஒன்று உண்டு. வடக்குப்பனையூரில் கிடைத்த ராமர், சீதை, லட்சுமணர், அனுமன் தொகுப்பு. ராமரின் கைகள் வில்லும் அம்பும் பிடிக்கும் நிலையில் இருக்கும், வில் இருக்காது. கையை மட்டும் பார்த்து வில்லைக் கண்டுபிடிக்கச் சொல்லிப் பாருங்கள். குழந்தைகள் பெரியவர்களைவிட வேகமாகச் சொல்லிவிடுவார்கள்.

திருவெண்காட்டில் கிடைத்த அர்த்தநாரீஸ்வரரும் எழும்பூரில்தான் இருக்கிறார். எத்தனை கை என்று எண்ணிப் பாருங்கள். ஆண் பாதியில் இரண்டு, பெண் பாதியில் ஒன்று. நடுவில் கோடு எதுவும் போடாமலே இரண்டு உடம்பும் எங்கே சேர்கின்றன என்று தேடுவதற்கே ஐந்து நிமிடம் போய்விடும்.

சாமி சிலையை இப்படிப் பார்க்கலாமா?

சிலருக்கு இந்தத் தயக்கம் வரும். நியாயமான கேள்விதான். இந்தச் சிலைகள் காட்சிக்காகச் செய்யப்பட்டவை இல்லை. இவை உற்சவர்கள். பல சிலைகளின் பீடத்தில் துளைகளும் வளையங்களும் இருக்கும். தூக்கிக்கொண்டு வீதியுலா போகும்போது கழி செருகிக் கட்ட அவை பயன்பட்டன. கோயிலில் பட்டும் மாலையும் சாத்தியிருக்கும்போது முகமும் கையும் பாதமும்தான் தெரியும். சில சிலைகளின் முகம் மழுங்கியிருப்பதற்குக்கூடக் காரணம், தலைமுறை தலைமுறையாக நடந்த அபிஷேகம்தான்.

மியூசியத்தில் அலங்காரம் இல்லை, மணியோசை இல்லை, தீபாராதனை இல்லை. ஆனால் ஸ்தபதியின் வேலை முழுசாகத் தெரிகிறது. கும்பிடுவதும் பார்ப்பதும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. 'தரிசனம்' என்ற சொல்லுக்கே பார்த்தல் என்றுதான் பொருள்.

பள்ளிச் சுற்றுலாவில் இது சாத்தியமா?

60 பிள்ளைகள், இரண்டு டீச்சர், ஒன்றரை மணி நேரம். "வரிசையா போங்க, தொடாதீங்க, சீக்கிரம் வாங்க" என்பதைத் தவிர வேறு வழியில்லை என்று தோன்றும். ஆனால் எல்லாவற்றையும் காட்டியே ஆக வேண்டும் என்பதை விட்டுவிட்டால் முடியும். பத்து பேர் கொண்ட குழுவுக்கு ஒரு சிலை. ஒரு பேப்பர், ஒரு பென்சில். அழகாக வரைய வேண்டியதில்லை, பார்த்ததை வரைந்தால் போதும். வரையத் தொடங்கினால்தான் கையில் எத்தனை விரல் மடங்கியிருக்கிறது என்றே கண்ணுக்குத் தெரியும். பஸ்ஸில் திரும்பும்போது ஒவ்வொரு குழுவும் தன் சிலையைப் பற்றி மற்றவர்களுக்குச் சொல்லட்டும்.

போவதற்கு முன் இதைக் கவனியுங்கள்

* எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வார இறுதியைவிட மற்ற நாட்களில் காலையில் போனால் கூட்டம் குறைவு.
* வளாகத்தில் பல கட்டடங்கள் உள்ளன. பராமரிப்புப் பணிக்காகச் சில பிரிவுகள் மூடப்படுவது உண்டு. வெண்கலப் பிரிவு திறந்திருக்கிறதா, கேமராவுக்குத் தனிக் கட்டணமா என்று டிக்கெட் கவுன்டரிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.
* முதலில் பத்து நிமிடம் ஒரு ரவுண்டு சும்மா நடந்து வாருங்கள். கண் தானாக எங்கே நிற்கிறதோ, அந்த மூன்று பொருட்களைத் தேர்ந்தெடுங்கள். புகழ்பெற்றதாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை.
* மூன்றாவது நிமிடத்தில் போர் அடிக்கும். எல்லோருக்கும் அடிக்கும். அந்த இடத்தில் நகராமல் நின்றால், அதன்பிறகுதான் புதுசாக ஒன்று கண்ணில் படும்.
* வயதானவர்களோடு போனால் உட்கார இடம் உள்ள ஹாலில் இருக்கும் பொருளைத் தேர்வு செய்யுங்கள்.
* வெளியே வந்ததும், போட்டோவைப் பார்க்காமல், பார்த்த சிலையைப் பற்றிக் கூட வந்தவரிடம் ஐந்து வாக்கியம் சொல்லுங்கள். அவர் வேறு ஐந்து சொல்வார். ஒரே சிலையை இரண்டு பேரும் எவ்வளவு வேறு மாதிரி பார்த்திருக்கிறீர்கள் என்பது அப்போது தெரியும்.

சென்னையில் இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. தமிழ்நாட்டின் பல மாவட்டத் தலைநகரங்களில் அரசு அருங்காட்சியகங்கள் உள்ளன. அதுவும் தூரம் என்றால், உங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் ஒரு தூணைத் தேர்ந்தெடுங்கள். தினமும் அதைக் கடந்துதான் போயிருப்பீர்கள். அதன் நான்கு பக்கத்திலும் என்ன செதுக்கியிருக்கிறது என்று, அடுத்த முறை போகும்போது பத்து நிமிடம் நின்று பாருங்கள்.